முட்டை வெள்ளை பூசிய சுவர்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றி. நம் சிங்கப்பூரில் பேய்க் கதை உலவும் இடங்களுக்கு ராத்திரியில் டார்ச் லைட்டோடு கூட்டிப் போகிறார்களே, அந்தப் பேய் நடை. போன இதழில் நான் போகிற போக்கில் ஒரு வரி எழுதியதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அதனால் வேறு கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

அக்கா, ஆபீஸ் நண்பர்கள் சேர்ந்து டவுனில் நடக்கும் பேய் நடைக்கு டிக்கெட் எடுத்திருக்கிறார்கள். ஃபோர்ட் கேனிங் குன்றில் ஆரம்பிக்குமாம். அம்மா, "வேளை கெட்ட வேளையில் கல்லறைப் பக்கம் எதற்கு, காத்து கருப்பு அண்டிவிடும்" என்கிறார். போகலாமா? காசுக்குத் தகுமா?
வாசகி, தெம்பனிஸ்

போங்கள். ஆனால் காசுக்குத் தகுமா என்பது கூட்டிப் போகிற ஆளைப் பொறுத்தது. நான் இரண்டு முறை போயிருக்கிறேன், இரண்டும் ஒரே குன்றில்தான். முதல் முறை வந்த இளைஞர் மரத்துக்குப் பின்னால் போய் நின்று திடீரென்று கத்தினார், எல்லாரும் அலறினோம், சிரித்தோம், வீட்டுக்கு வந்தால் ஒன்றும் மனதில் இல்லை. இரண்டாம் முறை வந்தவர் வயதானவர். ஃபோர்ட் கேனிங் புல்வெளியைச் சுற்றி ஒரு செங்கல் சுவர் இருக்கிறது, அதில் பழைய கல்லறைக் கற்களை எடுத்துப் பதித்து வைத்திருப்பார்கள். அந்தச் சுவருக்கு முன்னால் நின்று, டார்ச்சை மெதுவாக நகர்த்தி, ஒவ்வொரு பெயராக, வயதோடு வாசித்தார். குழந்தைகள், பிரசவத்தில் போன தாய்மார்கள், காய்ச்சலில் போன மாலுமிகள். அஞ்சாவது கல்லுக்கு மேல் யாரும் பேசவில்லை. அன்றைக்கு ராத்திரி நான் சரியாகத் தூங்கவில்லை, அது பயத்தினால் இல்லை.

அந்தக் குன்றின் பழைய பெயர் புக்கிட் லாராங்கான், தடை செய்யப்பட்ட குன்று. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வந்த 1819இல் இங்கிருந்த மலாய் மக்கள் அதில் ஏறவே மாட்டார்கள். பழைய அரசர்கள் அங்கே அடங்கியிருக்கிறார்கள் என்ற நம்பிக்கை. அதன் உச்சியில்தான் ராஃபிள்ஸ் வீடு கட்டிக்கொண்டார். சரிவில் 1822 முதல் 1865 வரை கிறிஸ்தவ இடுகாடு இருந்தது. இப்போது அந்தப் புல்வெளியில் கச்சேரி நடக்கிறது, கல்யாணப் படம் எடுக்கிறார்கள். அதே குன்றுக்குள் தரைக்கடியில் ஒன்பது மீட்டர் ஆழத்தில் பதுங்கு அறைகள் இருக்கின்றன. 1942 பிப்ரவரி 15 காலையில் பிரிட்டிஷ் படைத் தலைவர் ஜெனரல் பெர்சிவல் மற்ற தளபதிகளோடு உட்கார்ந்து, ஜப்பானியரிடம் சரணடைவது என்று முடிவெடுத்த இடம். ஒரே குன்றில் இவ்வளவு இருக்கும்போது மரத்துக்குப் பின்னால் நின்று கத்த வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை என்பது என் கருத்து.

அம்மா சொல்வதைத் தட்டாதீர்கள். திரும்பி வந்ததும் வாசலிலேயே கை கால் கழுவிவிட்டு, திருநீறு பூசச் சொன்னால் பூசிக்கொள்ளுங்கள். இறந்தவர்கள் இருந்த இடத்துக்குப் போய் வந்திருக்கிறோம் என்ற நினைப்பு நமக்கு இருக்க வேண்டும் என்பதற்குத்தானே அதெல்லாம்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். பேய் உண்டா, இல்லையா?
வாசகர், புக்கிட் பாத்தோக்

நான் பார்த்ததில்லை. பார்த்தேன் என்று சொன்ன மூன்று பேரை எனக்குத் தெரியும், மூவருமே பொய் சொல்கிறவர்கள் இல்லை. இதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை. எங்கே பேய்க் கதை உலவுகிறதோ அங்கே தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஓர் உண்மையான சாவு இருக்கிறது. அதைத் தேடிப் போவதில்தான் எனக்கு ஆர்வம்.

மகன் உயர்நிலை இரண்டில் படிக்கிறான். பள்ளியிலிருந்து டவுனுக்கு வரலாற்று நடை கூட்டிப் போனார்கள். வீட்டுக்கு வந்து, "அம்மா, இந்தியக் கைதிகள்தான் அந்தப் பெரிய சர்ச்சைக் கட்டினார்களாம், நாமெல்லாம் கைதிகளோட பரம்பரையா?" என்று கேட்கிறான். கூடப் படிக்கிறவர்கள் கிண்டல் செய்திருக்கிறார்கள். என்ன சொல்வது என்று தெரியவில்லை.
வாசகி, ஈசூன்

முதலில் அவனிடம், கேட்டது உண்மைதான் என்று சொல்லுங்கள். மறைக்க வேண்டியதில்லை. 1825 ஏப்ரலில் சுமத்ராவில் இருக்கும் பெங்கூலனிலிருந்து கைதிகளோடு முதல் கப்பல் வந்தது. அதில் இருந்தவர்கள் மதராஸ் பக்கத்திலிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள். கொஞ்ச நாளில் வங்காளத்துக் கைதிகளும் வந்தார்கள். அதற்குப் பிறகு ஏறத்தாழ அரை நூற்றாண்டு, 1873 வரை, சிங்கப்பூரின் சாலை, பாலம், கால்வாய், கலங்கரை விளக்கம் என்று எதை எடுத்தாலும் அதில் இவர்கள் கை இருந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் மட்டும் இல்லை, இன்றைக்கு அதிபர் இருக்கும் இஸ்தானாவும் அவர்கள் கட்டியதுதான். ஆயுள் கைதிகள் சிலருடைய நெற்றியிலேயே அவர்கள் செய்த குற்றத்தைப் பச்சை குத்தி அனுப்பியிருந்தார்கள். அதோடுதான் கல் உடைத்தார்கள், சுண்ணாம்பு குழைத்தார்கள், கொத்து வேலை, தச்சு வேலை கற்றுக்கொண்டார்கள். அவர்களிலேயே நல்லபடி நடந்துகொண்டவர்களைத்தான் மற்றவர்களுக்குக் காவலாகவும் போட்டார்கள்.

பையனை ஒரு சனிக்கிழமை அந்தத் தேவாலயத்துக்கு நீங்களே கூட்டிப் போங்கள். ராத்திரி வேண்டாம், உச்சி வெயிலில் போங்கள். உள்ளே போய், தூணுக்குப் பக்கத்தில் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நான் வைத்துப் பார்த்தேன். வெளியே வெயில் கொளுத்துகிறது, சுவர் பானைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்து இருந்தது. அந்தச் சுவருக்கு அவர்கள் பூசியது மதராஸ் சுண்ணம். சிப்பிச் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக் கருவும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்து இடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்து, பூசிக் காய்ந்ததும் வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார்கள். கைதிகளுக்கு மேலதிகாரியாக இருந்த மேக்நேர் இதைப் பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார். காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தொட்டிருந்தால் உங்களுக்கே புரியும், கிட்டத்தட்ட அதே பக்குவம். கையில் விலங்கோடு வந்தவர்கள் ஊரிலிருந்து கொண்டுவர முடிந்தது அந்தக் கைப்பக்குவம் ஒன்றுதான் என்று நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அதே இடத்துக்கு ஒரு பேய்க் கதையும் உண்டு, பையனுக்கு நிச்சயம் பிடிக்கும். இப்போது இருப்பதற்கு முன்னால் அங்கே வேறு ஒரு தேவாலயம் இருந்தது. அதற்குக் கோபுரம் எழுப்பினார்கள், இடிதாங்கி வைக்கவில்லை. 1845இல் ஒரு முறை இடி விழுந்தது, 1849இல் மறுபடியும். கட்டடம் ஆபத்தாகிவிட்டது என்று 1852இல் மூடிவிட்டு, வழிபாட்டை நீதிமன்றக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். விஷயம் இவ்வளவுதான். ஆனால் ஊருக்குள் வதந்தி எப்படிப் பரவியது தெரியுமா? தேவாலயத்தில் பேய்கள் புகுந்துவிட்டன, அதனால்தான் கவர்னரும் வெள்ளைக்காரர்களும் ஓடிவிட்டார்கள், அவற்றைச் சாந்தப்படுத்த 30 மனிதத் தலைகள் வேண்டுமாம், ராத்திரியில் ஆளைப் பிடித்து வெட்டி வரக் கைதிகளை அனுப்பியிருக்கிறார்களாம்! பொழுது சாய்ந்தால் வெளியே வர மக்கள் நடுங்கினார்கள். அரசாங்கம் அறிவிப்பு ஒட்டி மறுக்க வேண்டியதாயிற்று. நம் ஊரில் பாலம் கட்டினால் பிள்ளை பிடிக்கிறவன் வருவான் என்று நம்மைப் பயமுறுத்தினார்களே, அப்படியே. பையனிடம் இதைச் சொல்லிவிட்டு, அந்த ராத்திரிகளில் யார் யாருக்குப் பயந்திருப்பார்கள் என்று கேளுங்கள். கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தவர்கள் கைதிகளுக்குப் பயந்தார்கள். கைதிகளுக்கோ, ஊரே தங்களைத் தலைவெட்டிகளாகப் பார்க்கிறதே என்ற பயம்.

பரம்பரை கேள்விக்கு வருகிறேன். இங்கே இருக்கிற தமிழர்களில் பெரும்பாலானவர்களின் முன்னோர்கள் பிற்பாடு கூலி வேலைக்கும் வியாபாரத்துக்கும் உத்தியோகத்துக்கும் வந்தவர்கள். தண்டனை முடிந்து இங்கேயே தங்கி, குடும்பம் நடத்திய கைதிகளும் உண்டு. யாருடைய ரத்தத்தில் யார் இருக்கிறார்கள் என்று இன்றைக்குப் பிரித்துப் பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம். அப்புறம், கம்பெனி ஆட்சி நாடு கடத்திய எல்லாரும் கொள்ளைக்காரர்களா? மருது பாண்டியரைத் தூக்கிலிட்ட பிறகு சின்ன மருதுவின் மகன் துரைசாமியையும் கூட இருந்தவர்களையும் 1802இல் கப்பலேற்றியது பினாங்குக்கு. வெள்ளைக்காரனை எதிர்த்த சீக்கியத் தலைவர் மகராஜ் சிங் 1850இல் கைதியாக வந்து, 1856இல் சிங்கப்பூர்ச் சிறையிலேயே உயிரை விட்டார். கிண்டல் செய்த பிள்ளைகளிடம் உங்கள் மகன் இதைச் சொல்லலாம். சுவரைத் தொட்டுவிட்டு வந்த பிறகு சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும்.

தினமும் ஊட்ரம் பார்க் நிலையத்தில் ரயில் மாறுகிறேன். அந்த இடத்தில் ஜெயில் இருந்தது, இந்தியச் சிப்பாய்களை நிற்க வைத்துச் சுட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?
வாசகர், உட்லண்ட்ஸ்

உண்மை. அந்தப் பகுதியில்தான் ஊட்ரம் சிறை இருந்தது. 1960களில் அதை இடித்தார்கள், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) குடியிருப்பும் கடைகளும் வந்தன, பிறகு அவற்றையும் இடித்துவிட்டார்கள். பக்கத்து இடத்துக்கு எங்கள் பாட்டி கடைசி வரைக்கும் சொன்ன பெயர் 'சிப்பாய் லைன்'. "சிப்பாய் லைன் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வரேன்" என்பார். ஹொக்கியன் பேசுகிற முதியவர்களும் பெரிய ஆஸ்பத்திரியை 'சீ பாய் போ' என்பார்கள், அதுவும் சிப்பாயிலிருந்து வந்ததுதான்.

1915 பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள். அலெக்சாண்ட்ரா முகாமில் இருந்த ஐந்தாம் இலகுரகக் காலாட்படையில் ஒரு பகுதி கலகம் செய்தது. அவர்கள் தமிழர்கள் இல்லை, வட இந்திய முஸ்லிம்கள். ஹாங்காங் போவதற்குக் கப்பல் தயாராக இருந்தது. ஆனால் தங்களைத் துருக்கியர்களோடு, அதாவது தங்கள் மதத் தலைவரான சுல்தானின் படையோடு சண்டை போட அனுப்புகிறார்கள் என்ற பேச்சு முகாமில் பரவிவிட்டது. அவர்கள் அதிகாரிகளை மட்டும் கொல்லவில்லை, வழியில் அகப்பட்ட, ஆயுதமில்லாத ஆட்களையும் சுட்டார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் நான் பாதி உண்மைதான் சொன்னவளாவேன். கலகம் அடங்கிய பிறகு விசாரணை, மொத்தம் 47 பேருக்கு மரண தண்டனை. மார்ச் 25ஆம் தேதி ஒரே நாளில் 20 பேருக்கு மேல் சிறைச் சுவரை ஒட்டி வரிசையாக நிற்க வைத்துச் சுட்டார்கள். மூடிய இடத்தில் இல்லை, எல்லாரும் பார்க்கும்படி. சரிவில் நின்று பார்த்த கூட்டம் 15,000 பேர் என்று அன்றைய பத்திரிகை எழுதியது.

கலகத்தில் செத்த பிரிட்டிஷாருக்கு விக்டோரியா மண்டபத்திலும் அதே செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்திலும் பெயர் பொறித்த பலகைகள் இருக்கின்றன. சிலர் பெயரில் தெருவும் இருக்கிறது. சுடப்பட்ட சிப்பாய்களின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. அவர்கள் தியாகிகளா, கொலைகாரர்களா என்று என்னைக் கேட்டால், ஒரே சொல்லில் என்னால் அடக்க முடியாது. ஆனால் அந்த நிலையத்தில் எஸ்கலேட்டரில் ஏறும்போது ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தச் சரிவில் நின்ற கூட்டம்தான் நினைவுக்கு வருகிறது. என்ன பார்க்க வந்தார்கள் அவ்வளவு பேரும்?

இறந்தவர்களுக்குப் படைக்கிற சீனர்களின் ஏழாம் மாதத்தில் இந்த நடைக்குப் போகலாமா? கீழே எரித்து வைத்திருப்பதை மிதித்துவிட்டால் என்ன செய்வது?
வாசகி, அங் மோ கியோ

தாராளமாகப் போகலாம். மிதிக்காமல் சுற்றிப் போங்கள். தெரியாமல் மிதித்துவிட்டால் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நகருங்கள், அதைப் படம் பிடிக்காதீர்கள். கெத்தாய் பாட்டுக் கச்சேரி நடக்கிற கூடாரத்தில் முன் வரிசை நாற்காலிகள் காலியாக இருக்கும், உட்கார்ந்துவிடாதீர்கள், அவை இறந்தவர்களுக்கு. நாம் அமாவாசைக்கு இலை போட்டு வைத்துவிட்டு, காகம் வரும்வரை காத்திருக்கிறோமே, அந்த மனசுதான் இதுவும். நம் பக்கத்து வீட்டுக்காரர் அவருடைய அப்பாவுக்குப் படைக்கிறார் என்று நினைத்தால் பயம் போய்விடும்.

எல்லா நடையும் டவுனிலேயே இருக்கிறதே, நம் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் அப்படி ஒன்றும் நடக்கவில்லையா?
வாசகர், சிராங்கூன் ரோடு

உங்கள் தெருவிலேயே நடந்திருக்கிறது. ஓவன் ரோடு சந்திப்பில் இருந்த ஹோட்டல் நியூ வேர்ல்டு. 1986 மார்ச் 15, சனிக்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்குச் சற்று முன். ஆறு மாடிக் கட்டடம், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டது. 33 பேர் செத்தார்கள், 17 பேரை உயிரோடு எடுத்தார்கள். அப்போது நகரத்தில் எம்ஆர்டி ரயில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த வெளிநாட்டுப் பொறியாளர்கள் ஓடி வந்து, இடிபாட்டுக்குள் பொந்து போட்டு, வயிற்றால் ஊர்ந்து போய் ஆட்களை மீட்டார்கள். எனக்கு அப்போது பத்து வயது. வீட்டில் டிவியை அணைக்கவே இல்லை, ஒவ்வொருவராக ஸ்ட்ரெச்சரில் வெளியே வரும்போது அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது.

அந்த இடத்தைப் பற்றியும் பேய்க் கதைகள் உண்டு. காரணத்தைக் கேட்டால் கதையைவிட அதுதான் வயிற்றைக் கலக்கும். 1971இல் கட்டி முடித்த அந்தக் கட்டடத்துக்குக் கணக்குப் போட்டவர், அதில் வந்து சேரும் ஆட்கள், சாமான்கள் எடையைச் சேர்த்தார். கட்டடத்தின் சொந்த எடையைச் சேர்க்க விட்டுவிட்டார். பதினைந்து வருஷம் தூண்கள் தாங்கக் கூடாத பாரத்தைத் தாங்கிக்கொண்டு நின்றன. அதற்கு அப்புறம்தான் ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும், எழும்பிய கட்டடத்தையும் சில வருஷத்துக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. இப்போது அங்கே வேறு கட்டடம் இருக்கிறது. நீங்கள் தினமும் அதைத் தாண்டித்தான் காய்கறி வாங்கப் போகிறீர்கள்.

வீரமாகாளியம்மன் கோயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜப்பானியர் குண்டு போட்ட நாட்களில் சனங்கள் குழந்தை குட்டிகளோடு ஓடிவந்து அம்மன் முன்னால் ஒண்டியிருந்தார்கள். கோயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊரே எரிந்துகொண்டிருந்தபோது, கபாலம் ஏந்திய காளியின் மடிதான் பாதுகாப்பாக இருந்திருக்கிறது.

பழைய சாங்கி மருத்துவமனைக்குள் நண்பர்களோடு ராத்திரி போய் வீடியோ எடுக்க ஆசை. எப்படி நுழைவது?
மாணவர், பிடோக்

நுழையாதீர்கள் தம்பி. 1997இல் மூடிய கட்டடம், வேலி போட்டிருக்கிறது, அத்துமீறி நுழைந்தால் போலீஸ் வரும். இருட்டில் கால் இடறி விழுந்தால் உங்களைத் தூக்கி வர ஆள் இருக்காது. சாங்கிக்குத்தான் போக வேண்டுமென்றால் பகலில் சாங்கி கடற்கரைக்குப் போங்கள். 1942 பிப்ரவரி 20ஆம் தேதி 66 சீன ஆண்களை ஜப்பானியர் தண்ணீர் ஓரத்தில் நிறுத்திச் சுட்ட இடம், அங்கே ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. அதைப் படித்துவிட்டு, வீடியோ எடுக்கத் தோன்றினால் எடுங்கள்.

எங்கள் குடியிருப்பு இந்தியர் நற்பணிக் குழுவில் இப்படி ஒரு நடை, தமிழிலேயே நடத்தலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். தாத்தா பாட்டிகளும் பிள்ளைகளும் வருவார்கள். எங்கிருந்து எங்கே போகலாம்?
வாசகர், பொங்கோல்

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். மூன்று கிலோமீட்டருக்குள் முடிகிற வழி ஒன்று சொல்கிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஃபோர்ட் கேனிங்கில் கற்கள் பதித்த அந்தச் சுவரில் ஆரம்பியுங்கள். முதியவர்களுக்கு ஏற்றம் கடினம், அவர்களை டாக்சியில் மேலே கொண்டுபோய் விட்டுவிட்டால் இறங்குவதுதான் மிச்சம். கீழே ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒய்எம்சிஏ. பழைய கட்டடம் இப்போது இல்லை, ஆனால் போர்க்காலத்தில் கெம்பெய்த்தாய் என்ற ஜப்பானிய ராணுவப் போலீஸ் இருந்த இடம் அது. 1943 அக்டோபர் 10இல் தொடங்கிய வேட்டையில் 57 பேரைப் பிடித்து வதைத்தார்கள், 15 பேர் செத்தார்கள். எலிசபெத் சோய் என்ற பெண்ணை 200 நாள் அளவுக்கு அடைத்து வைத்து வதைத்தும் அவர் வாய் திறக்கவில்லை. பிள்ளைகளுக்கு வதையை விவரிக்க வேண்டாம், அவர் கதையைச் சொல்லுங்கள்.

அங்கிருந்து பிராஸ் பாசா சாலையில் நேராக நடங்கள். கைதிகளின் சிறை அந்தப் பக்கம்தான் இருந்தது. வழியில் பெங்கூலன் தெருப் பலகை வரும், அங்கே நின்று 1825 கப்பலைப் பற்றிப் பேசுங்கள், பெயரே பாதி கதையைச் சொல்லிவிடும். அப்புறம் செயின்ட் ஆண்ட்ரூஸ், வழிபாட்டு நேரம் பார்த்துப் போங்கள். எதிர்ப்புறம் நான்கு தூண் நினைவுச் சின்னம், 1967இல் திறந்தது. போரில் மாண்ட பொதுமக்களுக்காக எழுப்பியது, அதன் அடியில் தாழிகளில் பெயர் தெரியாதவர்களின் எலும்புகள் இருக்கின்றன. நான்கு தூணும் நான்கு இனங்களைக் குறிக்கின்றன, அதில் ஒன்று இந்தியர்களான நம்முடையது என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

கடைசியாக எஸ்பிளனேட் பூங்கா. அங்கே இந்திய தேசிய ராணுவத்தின் மாண்ட வீரர்களுக்கு ஒரு சின்னம் இருந்தது. 1945 ஜூலை 8இல் நேதாஜி அடிக்கல் நாட்டினார், சில வாரங்களில் திரும்பி வந்த பிரிட்டிஷார் இடித்துவிட்டார்கள். 1995இல் அந்த இடத்தில் ஒரு குறிப்புக் கல் வைத்தார்கள், உயரம் அதிகம் இல்லை, தேடிப் பார்த்தால்தான் தெரியும். உங்கள் குழுவில் வருகிற தாத்தா பாட்டிகளில் யாராவது ஒருவர் வீட்டில், அந்த ராணுவத்தில் சேர்ந்தவரோ, ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவரோ நிச்சயம் இருப்பார். அங்கே வந்ததும் நீங்கள் பேசுவதை நிறுத்திவிட்டு மைக்கை அவர்களிடம் கொடுங்கள். குடையும் மடக்கு நாற்காலி நாலும் எடுத்துப் போங்கள். தேதி முடிவானதும் எனக்கு எழுதுங்கள், நானும் வருகிறேன்.